வெள்ளவத்தையில் ஒரு செலிக்கா: வீட்டில் வைத்துக் கட்டிய அனுபவம்

கொழும்பில் பழைய ஜப்பான் கார் வாங்கப் போனால் கூட வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "ஸ்டார்ட் ஆகுமா?" பொனெட்டைத் திறப்பார்கள், சாவியைத் திருப்புவார்கள், சைலன்சர் வாயில் கையை வைத்துப் புகை பார்ப்பார்கள், அதோடு விலை பேசத் தொடங்கிவிடுவார்கள். நாளைக்கே ஓட்டப்போகிற காருக்கு அது சரி. வீட்டில் வைத்துப் பிரித்துக் கட்டப்போகிற காருக்கு என்ஜின் ஓடுகிறதா என்பது கடைசிக் கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது, காரில் என்னென்ன சாமான் இல்லை என்பது. அடுத்தது, கறள் எங்கெங்கே இறங்கியிருக்கிறது என்பது.

நான் கட்டியது 1974ஆம் ஆண்டு டொயோட்டா செலிக்கா. டிஏ22 என்று சொல்லப்படும் முதல் தலைமுறை. வத்தளைப் பக்கம் ஒரு வீட்டின் பின்வளவில், தகரக் கொட்டிலுக்குள் கிடந்தது. என்ஜின் இறுகிப்போய் அசையவில்லை, சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது, நாலு ரயரும் வெடித்திருந்தன. ஆனால் கிரில், இரண்டு பம்பர், எல்லா லைட்டும், டாஷ்போர்ட், அதிலிருக்கும் மணிக்கூடு, கதவுக் கைபிடிகள், கண்ணாடிகள், ஓரப் பட்டிகள், எல்லாம் இருந்தன. கிட்டத்தட்ட அதே விலைக்கு இன்னொரு செலிக்காவும் பார்த்தோம். அது ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அதில் இருந்தது கொரோலா சீட், ஏதோ ஒரு வானில் இருந்து கழற்றிய மீட்டர், முன் பம்பருக்குப் பதிலாக ஒரு இரும்புக் குழாய். என் மச்சான் ஓடுகிறதை எடுக்கச் சொன்னான். நான் ஓடாததை எடுத்தேன்.

காரணம் எளியது. இறுகிய என்ஜினைத் திறக்கலாம், கிழிந்த சீட்டைத் தைக்கலாம். இல்லாத பம்பரை எங்கே போய்த் தேடுவது? பாவித்த காரை இறக்குமதி செய்ய இங்கே வயது எல்லை இருக்கிறது. ஐம்பது வயதுக் காரை சாதாரண வழியில் கொண்டுவர முடியாது. 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை தனியார் கார் இறக்குமதி கிட்டத்தட்ட முழுதாக நின்றிருந்தது. ஆக, இந்தத் தீவுக்குள் ஏற்கெனவே இருக்கிற செலிக்காக்கள் மட்டும்தான் நமக்குள்ள செலிக்காக்கள். ஒன்றில் இல்லாத சாமானை இன்னொன்றிலிருந்துதான் கழற்ற வேண்டும். அந்த இன்னொன்றின் சொந்தக்காரரும் உங்களைப்போலவே தேடிக்கொண்டிருப்பார்.

கொஞ்சம் சரித்திரம், அதுவும் பாகம் தேடுவதற்கு உதவுகிற அளவுக்கு மட்டும். செலிக்காவை 1970 ஒக்டோபரில் டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் காட்டினார்கள், டிசம்பரில் விற்பனைக்கு விட்டார்கள். அதே நேரத்தில் வெளிவந்த கரினாவும் செலிக்காவும் அடிப்பாகத்தில் ஒன்றுதான். முன்பக்கம் மக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்பக்கம் கொயில் ஸ்பிரிங்கும் நாலு லிங்கும் உள்ள முழு அக்சில். அதனால் அடிப்பக்கச் சாமானுக்கு "செலிக்கா" என்று கேட்டால் கடைக்காரர் கைவிரிப்பார், பழைய கரினாவுடையது என்று கேட்டால் யோசிப்பார். இன்னொன்று: ஜப்பானில் அந்தக் காலத்தில், ஜிடி என்ற உயர்ரக மாதிரியைத் தவிர மற்றச் செலிக்காக்களை வாங்கியவர்கள் வெளித்தோற்றம், என்ஜின், கியர்பொக்ஸ், உள்ளலங்காரம் எல்லாவற்றையும் தனித்தனியாகத் தெரிவு செய்யலாம். ஆகவே ஒரு டிஏ22 போல இன்னொன்று இருக்காது. இணையத்தில் ஒரு படத்தைப் பார்த்து, "என் காரில் இருப்பது தவறு" என்று எதையும் கழற்றி எறியாதீர்கள்.

விற்கிறவர் எவரும் தன்னுடையதை ஜிடி என்றுதான் சொல்வார். பொனெட்டைத் திறந்தால் விடை தெரிந்துவிடும். இரட்டைக் கேம்ஷாஃப்ட் தலையும் பக்கவாட்டில் இரண்டு மிக்குனி சோலெக்ஸ் கார்புரேட்டரும் இருந்தால் 2டி-ஜி. இல்லையென்றால் 1588 சிசி, புஷ்ரொட் போட்ட சாதாரண 2டி. என்னுடையது சாதாரணம். அதில் எனக்குத் துக்கமில்லை. 2டி-ஜி என்ஜினின் ஒரு வாட்டர் பம்புக்கு அலைகிற நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். சாதாரண 2டி குடும்பம் கரினா, கொரோலா என்று பல வண்டிகளில் வந்ததால், பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இன்னும் அதன் வாசனை இருக்கிறது.

கறளுக்கு வருவோம். வெள்ளவத்தையில் எங்கள் வீடு காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில். கடற்காற்று யன்னல் கம்பியை என்ன செய்கிறது என்று இங்கே வாழ்கிற எல்லோருக்கும் தெரியும். கார்த் தகரம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான தடிப்பு. பார்க்கப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். தகரத்தில் ஒட்டும், பட்டி (பள்ளம் நிரப்பும் பூச்சு) அப்பிய இடத்தில் வழுக்கும். டிஏ22இல் நான் முதலில் கை வைக்கும் இடங்கள்: பெற்றரி இருக்கும் தட்டு, முன் சில்லுக்குப் பின்னால் மட்கார்டின் கீழ் மூலை, முன் கண்ணாடிக்குக் கீழே காற்றுப் போகும் பெட்டி, கதவின் அடி, கதவுக்குக் கீழே நீளமாகப் போகும் சில், பின் சில்லு வளைவு, ஸ்பெயார் சில்லு கிடக்கும் குழி. கார்ப்பெட்டைத் தூக்காமல் காசு கொடுக்கவே வேண்டாம். என் காரின் வலது சில் வெளியே வழுவழுப்பாக இருந்தது, ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் உள்ளே வடிதட்டு. அதைத் தெரிந்துகொண்டே வாங்கினேன், விலையிலும் அதைக் கழித்தேன்.

இதில் பயப்பட வேண்டிய கறளும் பயப்படத் தேவையில்லாத கறளும் உண்டு. கதவு அடி, மட்கார்ட், ஸ்பெயார் குழி எல்லாம் டிங்கர் வேலை தெரிந்த ஒரு பாஸ் தகரம் வளைத்துச் செய்துவிடுவார். ஸ்ட்ரட் மேலே பிடிக்கிற கோபுரம், பின் லிங்குகள் பிடிக்கிற இடம், சேசிஸ் ரெயில் போன்றவை அழுகியிருந்தால் காரை விட்டுவிட்டு வாருங்கள். அங்கே ஒட்டுப் போட்ட கார் நேராக ஓடாது, இடிபட்டால் காப்பாற்றவும் மாட்டாது.

பிரிக்கிற வேலை ஆசையாகத்தான் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பானரை எடுத்தால் மாலைக்குள் பாதிக் காரைக் கழற்றிவிடலாம். அப்படிக் கழற்றிப் பெட்டிகளில் போட்டு, பிறகு அப்படியே விலைக்கு வருகிற கார்கள் கொழும்பில் ஏராளம். ஒரு பகுதியைக் கழற்றினால் அதைச் சுத்தம் செய்து, பழுது பார்த்து, பொதி செய்து வைத்துவிட்டுத்தான் அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். படம் எடுப்பது எல்லோரும் சொல்கிற புத்திமதி. நான் சேர்க்கிறது, கழற்றுவதற்கு முன்னால் எடுக்கும் படத்தில் ஏதாவது ஒரு போல்ட்டின் பக்கத்தில் விரலை வைத்து எடுங்கள், அளவு தெரியும். கடதாசி லேபல் வேண்டாம். எங்கள் ஊர் ஈரத்துக்கு அது மாரிகாலம் தாண்டாது. பழைய பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியில் பெயின்ட் மார்க்கரால் எழுதி, உள்ளே சிலிக்கா ஜெல் பை ஒன்றை வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும்.

சின்ன இரும்புச் சாமான்களின் கறளை எடுக்க வீட்டிலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. பிளாஸ்ரிக் வாளியில் தண்ணீர், அதில் சலவைச் சோடா, அதாவது சோடியம் காபனேற்று. பெற்றரி சார்ஜரின் நேர் முனையில் ஒரு பழைய இரும்புத் துண்டு, எதிர் முனையில் கறள் பிடித்த சாமான். இரண்டும் தொடக்கூடாது. இரவோடிரவாகக் கறள் கறுப்பாக மாறி, பிரஷ்ஷால் தேய்த்தாலே போய்விடும், நல்ல இரும்பு தேயாது. சில எச்சரிக்கைகள்: நேர் முனையில் எவர்சில்வர் துண்டைப் போடாதீர்கள், அந்தத் தண்ணீர் நஞ்சாகிவிடும். ஐதரசன் வாயு வருவதால் மூடிய அறையில் செய்யக்கூடாது, பக்கத்தில் சாம்பிராணி, நெருப்புக்குச்சி எதுவும் கூடாது. அலுமினியச் சாமானை இதற்குள் போட்டால் அரித்துவிடும். ஸ்பிரிங் போன்ற கடினமாக்கிய உருக்கை இந்த முறையில் சுத்தம் செய்தால் பின்னால் வெடிப்பு விட்டு முறியக்கூடும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விசயம். எவ்வளவு உடைந்திருந்தாலும், கறள் தின்றிருந்தாலும், ரப்பர் கல்லாகியிருந்தாலும், பழைய துண்டை எறியாதீர்கள். கொழும்பு என்பது சாம்பிள் இருந்தால் எதையும் செய்துதருகிற ஊர். சாம்பிள் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

பஞ்சிகாவத்தையில் நான் வழமையாகப் போகும் கடை நானா ஒருவர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "தம்பி, காருட பேரெல்லாம் வேணாம். சாமானக் கொண்டு வாங்க." அவர் சொன்னது சரி. செலிக்கா என்ற பெயரைக் கேட்டதுமே விலை ஒரு படி ஏறும், இல்லை என்ற பதில் வரும். பழைய கிளச் பிளேட்டைக் கவுண்டரில் வைத்தால், அவர் அதன் பல்லை எண்ணுவார், விட்டத்தை அளப்பார், மேலே பரணில் ஏறி வேறேதோ வண்டிக்கு வந்த பெட்டியை இறக்குவார். இல்லாவிட்டாலும் பிரச்சினையில்லை, பழைய பிளேட்டுக்கே புது லைனிங் அடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பிரேக் சில்லு சிலிண்டர்களின் உள்ளே குழி விழுந்திருந்தது. லேத் பட்டறையில் பித்தளைக் குழாய் இறக்கி, பழைய அளவுக்கே கடைந்து தந்தார்கள், ரப்பர் கிட் சாதாரணமாகக் கிடைத்தது. ரேடியேற்றரின் மேல் கீழ்த் தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் புதிதாகப் போட்டார்கள். லிங்குகளின் ரப்பர் புஷ்களுக்கு, நொறுங்கிப்போன பழையதை ஒட்டிக் காட்டி அச்சு எடுத்தோம். கதவு ரப்பருக்குப் பழையதில் ஒரு சாண் வெட்டி எடுத்துக்கொண்டு அலைந்தால், வெட்டுமுகம் பொருந்துகிற ஒன்று எங்கேயாவது அகப்படும். நட், போல்ட், கிளிப், கொக்கி போன்றவற்றுக்குப் பழைய சோனகத் தெரு. அங்கே ஒரு விசயத்தில் கவனம்: பழைய ஜப்பான் கார்களின் போல்ட்டில் இழை இடைவெளி நாம் ஹார்ட்வெயார் கடையில் வாங்குவதைவிட நெருக்கம். எட்டு மில்லிமீற்றரில் 1.25 என்றால் பிரச்சினையில்லை, பத்து மில்லிமீற்றரில் டொயோட்டா பெரும்பாலும் பாவிப்பது 1.25, கடைக்காரர் கையில் கொடுப்பது 1.5. கையால் இரண்டு சுற்று போகாத போல்ட்டை ஸ்பானரால் திருகாதீர்கள்.

சாம்பிளைக் கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒரு குரோம் பட்டறையில் கொடுத்த பின்பக்க எம்பிளம் திரும்பி வரவில்லை. "வந்திருக்குமே, தேடிப் பாக்கிறேன்" என்பதே கடைசிப் பதில். அதன்பிறகு சின்னச் சாமான்களைக் கம்பியில் கோத்து, படம் எடுத்து, எண்ணிக் கையெழுத்து வாங்கித்தான் கொடுப்பேன். இரட்டைச் சாமான் என்றால் ஒன்றை மட்டும் கொடுத்து, அது திரும்பிய பிறகு மற்றது. ஜப்பான் ஏல இணையத்தளங்களில் முகவர் மூலம் வாங்குவதும் ஒரு வழிதான். ஆனால் கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்தால் ஒரு சின்ன லென்ஸ் பொன் விலைக்கு வரும். கண்ணாடி, லென்ஸ், எம்பிளம் போன்ற, இங்கே எவராலும் செய்ய முடியாதவற்றுக்கு மட்டும் அந்தக் காசை வைத்துக்கொள்ளுங்கள்.

என்ஜின் நான் நினைத்ததைவிடச் சுலபம். இறுகிய என்ஜினை ஸ்டார்ட்டரால் இழுக்கக் கூடாது. பிளக் ஓட்டைகளுக்குள் ஓட்டோ கியர் ஒயிலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி, நாட்கணக்கில் ஊறவிட்டு, கிராங் போல்ட்டில் நீளமான பிடி போட்டு முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டினேன். ஒரு நாள் அசைந்தது. பிரித்தபோது ஒரு சிலிண்டரில் கறள் வளையம் ஆழமாக இருந்தது, சிலிண்டரைப் பெருப்பித்துக் கடையாமல், அதாவது போர் பண்ணாமல், முடியாது. இங்கே ஒரு பெரிய விதி: பிஸ்டன் உங்கள் கைக்கு வந்து சேர்ந்த பிறகே புளொக்கை லேத்துக்குக் கொடுங்கள். 2டியின் சிலிண்டர் விட்டம் 85 மில்லிமீற்றர். 0.50 பெருப்பித்துவிட்டு, சந்தையில் 0.75 பிஸ்டன்தான் இருக்கிறது என்று தெரிந்தால் இரண்டாம் முறையும் காசு கட்ட வேண்டும். பிஸ்டனைக் கையில் கொடுத்து, அதை அளந்து, அதற்கேற்பக் கடையச் சொல்ல வேண்டும்.

என்ஜின் தலையைக் கழற்றியதும் பழைய ஆட்கள் ஈயத்தைப் பற்றிப் பேசுவார்கள். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றது, பழைய என்ஜினின் வால்வு சீட் தேய்ந்துவிடும் என்பது அவர்கள் பயம். வார்ப்பிரும்புத் தலையிலேயே நேராகச் சீட் வெட்டிய சில என்ஜின்களுக்கு அந்தப் பயம் நியாயம். 2டியின் தலை அலுமினியம், சீட் தனி வளையமாக இறக்கப்பட்டது. தலை கையில் இருக்கும்போது வளையங்களைப் பார்த்துக்கொண்டால் போதும், பெற்றோலில் எதையும் கலக்கத் தேவையில்லை. பூட்டிய பிறகு, சூடான என்ஜினில் இன்லெட் வால்வு இடைவெளி 0.20, எக்ஸோஸ்ட் 0.33 மில்லிமீற்றர். இக்னிஷன் மின்சாரத்தை வெட்டிவிடும் பொயின்ட்டின் இடைவெளி 0.45. இவற்றைச் சரியாக வைத்து, கார்புரேட்டரைக் கழுவிக் கட்டினால் இந்த என்ஜின் ஓடியே தீரும். எலக்ரோனிக் இக்னிஷன் போடச் சொல்லிப் பலர் வற்புறுத்தினார்கள். நான் பொயின்ட்டையே வைத்திருக்கிறேன். பொயின்ட் தீய்ந்தால் ஹட்டனில் நின்றாலும் ஒரு உப்புக்கடதாசியால் தேய்த்து வீடு வந்து சேரலாம். அதோடு, பழைய கொண்டென்சர் வேலை செய்கிறதென்றால் எறியாதீர்கள். இப்போது கிடைக்கும் புதியவை சில, பெட்டியிலேயே செத்திருக்கின்றன.

பெற்றோல் தொட்டி பற்றி ஒன்றே ஒன்று. அதை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டில் வெல்ட் பண்ணாதீர்கள். வருடக்கணக்கில் வெறுமையாகக் கிடந்த தொட்டிக்குள்ளும் ஆவி இருக்கும், வெடிக்கும். பழைய பிரேக் டிரம்மைத் திறக்கும்போதும் காற்றடித்துத் தூசியைக் கிளப்ப வேண்டாம். அந்தக் காலத்து லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருந்தது. ஈரத் துணியால் துடைத்து, பையில் கட்டி எறியுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. எங்கள் காலநிலையில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால், காசு கொடுத்துக் கடைந்த சிலிண்டர் திரும்பவும் குழி விழும்.

நான் வீட்டில் செய்யாமல் வெளியே கொடுத்தவை சில் வெல்டிங்கும் பெயின்ட்டும். வெல்டிங் எனக்குக் கொஞ்சம் வரும். ஆனால் மெல்லிய தகரத்தில் நீளமாக இழுத்தால் சூட்டில் பனல் நெளியும், அங்கே ஒரு புள்ளி இங்கே ஒரு புள்ளி என்று ஆறவிட்டு வைக்கிற பொறுமை பாஸுக்கு இருந்தது, எனக்கு இல்லை. வீட்டிலும் இடம் கொடுக்கவில்லை. "விளக்கு வச்ச பிறகு அந்தக் கிரைண்டரப் போடாதை" என்று அம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். அடுத்த வீட்டு அன்ரியும் அதே கருத்து. 2022இல் அந்தப் பிரச்சினையும் தானாகத் தீர்ந்தது, கிரைண்டர் போட மின்சாரமே இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேர மின்வெட்டு. டொலர் 200 ரூபாயில் இருந்து மே மாதத்துக்குள் 360 அளவுக்குப் போனதில், நான் சொல்லி வைத்திருந்த பெயின்ட்டின் விலையும் கூடவே போனது. அந்த மாதங்களில் நான் செய்தது கையால் தேய்க்கிற வேலையும் வயரிங்கும்தான்.

வயரிங்கில் எனக்குக் கிடைத்த ஒரே ஞானம்: ஒரு லைட் எரியவில்லை என்றால் வயரைச் சந்தேகிப்பதற்கு முன் ஏர்த்தைச் சந்தேகியுங்கள். வயர் உடலில் திருகப்படும் இடத்தில் கறள் இருந்தால் மின்சாரம் வேறு வழி தேடும், இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட் மினுங்கும். எல்லா ஏர்த் புள்ளிகளையும் வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேய்த்துப் பூட்டியதும் என் காரில் பாதிக் கோளாறு போய்விட்டது.

பெயின்ட்டுக்குக் கொடுக்கும்போது நாள் பார்க்க வேண்டும், பஞ்சாங்கத்தில் இல்லை, மழைக்காலத்தில். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபர் நவம்பரில் பின்னேர இடிமழை. கொழும்பில் ஓரளவு காய்ந்த காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஈரக்காற்றில் லக்கர் பெயின்ட் அடித்தால் வெண்மையாகப் பூத்துவிடும். அதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாதது. சாதாரண பிரைமரும் பட்டியும் தண்ணீரை உள்ளே விடும். "பிரைமர் அடிச்சாச்சு, பெயின்ட் பிறகு பாப்பம்" என்று மாதக்கணக்கில் போர்ட்டிகோவில் நிறுத்தி வைத்திருக்கிற காருக்கு அடியில் கறள் திரும்பவும் தொடங்கியிருக்கும். பெயின்ட் அடித்து ஒரு வருடத்தில் கொப்புளம் வருவது பெரும்பாலும் இதனால்தான். வெறும் தகரத்தின் மேல் நேரடியாக எபொக்சி பிரைமர், அதன்மேல் பட்டி, திரும்பவும் எபொக்சி என்று கேட்டு வாங்குங்கள். எபொக்சி தண்ணீரை விடாது, அதற்குப் பிறகு காசு சேரும்வரை கார் காத்திருக்கலாம். பாஸ் "அது தேவையில்லை மாத்தயா, செலவு" என்பார். தேவை. கடைசிக் கோட்டுக்குப் பாவிக்கிற டூ-கே பெயின்ட்டில் ஐசோசயனேட் இருக்கிறது, சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடியும் தனி அறையும் இல்லாமல் வீட்டில் அதை அடிக்கவே கூடாது, வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் மோசம்.

நிறம் மாற்றுகிற எண்ணம் இருந்தால் அது பதிவுப் புத்தகத்திலும் மாற வேண்டும். என்ஜின் மாற்றினாலும் அப்படியே. வாங்குவதற்கு முன்பே சேசிஸ் இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். பொருந்தாவிட்டால் நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு நடக்கிற நடையில் காரே வெறுத்துவிடும். வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை வருடம் நிலுவை, அதை யார் கட்டுவது என்பதையும் விலை பேசும்போதே பேசுங்கள். புகைப் பரிசோதனைக்குப் பயப்படாதீர்கள், கார்புரேட்டர் ஒழுங்காக இருக்கிற 2டி தேறிவிடும்.

என் காரின் இலக்கத் தகடு, சிங்கள 'ஸ்ரீ' எழுத்துள்ள பழைய ஸ்ரீ தகடு. இந்தக் கார்களின் மதிப்பில் அதற்கும் ஒரு பங்கு உண்டு, மாற்றக்கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அந்தத் தகட்டைத் தேய்த்துப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அப்பா சொன்னார்: "அம்பத்தெட்டில எங்கட ஆக்கள் தார் பூசின எழுத்துக்கு நீ கிளியர் கோட் அடிக்கிறாய்." இரண்டு கோட் அடித்தேன்.

செலவு எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு நான் தொகை சொல்வதில்லை, டொலர் மாறினால் அந்தத் தொகைக்கு அர்த்தமில்லை. பங்கு சொல்கிறேன். மொத்தத்தில் பாதிக்கு மேல் தகர வேலைக்கும் பெயின்ட்டுக்கும் போனது. என்ஜினுக்குக் காற்பங்குகூட இல்லை. ஓடாத காரைக் குறைந்த விலைக்கு வாங்கலாம், அழுகிய காரை எந்த விலைக்கும் வாங்கக்கூடாது என்று சொல்வது இந்தக் கணக்கினால்தான்.

இப்போது ஞாயிறு காலையில் பாணந்துறை வரை போய் வருகிறேன். கடலோரம் போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுவேன். கதவு அடியிலும் அதற்குக் கீழே நீளமாகப் போகும் சில் பகுதியிலும் தண்ணீர் வடிய டொயோட்டா விட்ட சின்ன ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்து வைப்பேன், பல பெயின்ட் பாஸ்மார் அவற்றைப் பட்டியால் அடைத்துவிடுவார்கள். அந்தச் சில் பகுதிக்குள்ளே மெழுகுக் கலவை விசிறியிருக்கிறது. பிளாஸ்ரிக் உறை போட்டு மூடுவதில்லை, உள்ளே வேர்க்கும். பருத்தித் துணி உறை, கண்ணாடி ஒரு விரல் அளவு திறந்தபடி. ரயர் 13 அங்குலம். 175/70 இன்னும் கடைகளில் கிடைக்கிறது. மணிக்கூடு மட்டும் ஓடவில்லை. அதைப் பிரித்துப் பார்க்கிற ஒருவர் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார் என்று நானா சொல்லியிருக்கிறார், பழைய மணிக்கூடு இன்னொன்று சாம்பிளுக்குக் கேட்டாராம்.